வீட்டுக் கணினி விளையாட்டுக்குப் போதுமானதா?

செகந்திராபாத்தின் செனாய் டிரேட் சென்டர், ஹைதராபாத் வட்டாரத்தில் கணினிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் பெயர்பெற்ற அங்காடியாகும். இத்தகைய அங்காடிக்குப் பிள்ளையுடன் வரும் பெற்றோரின் நிலை சங்கடமானது. பிள்ளை விளையாட்டின் பெயரைச் சொல்லுகிறான். பெற்றோர் விலையைக் கேட்கின்றனர். கடைக்காரரோ எண்களைக் கூறுகிறார். இம்மூன்றையும் இணைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற அளவுகோல் கையில் இல்லாமையால், பல மாதச் சேமிப்பு பயன்படாத ஓர் உறுப்பில் முடங்கிவிடுவதுண்டு. மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத கணினி மாற்றப்படுவதும் உண்டு. இவ்விஷயத்தில் யோசனை கேட்கப்படுபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ, ஊரில் பணியாற்றும் அரசாங்க ஊழியராகவோ இருக்கிறார். அவர்கள் திட்டமாக விடையளிப்பதற்கு வேண்டிய விவரங்கள் இங்கே தரப்படுகின்றன.

வேலையைக் கொண்டு கருவியை அளத்தல்

கணினி உற்பத்தியில் ஹைதராபாத்துக்குப் பழைய தொடர்பு உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் 1967ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, டிராம்பேயில் உருவாக்கப்பட்டு 1969இல் இயக்கிவைக்கப்பட்ட டிடிசி-12 என்னும் கணினியைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. ஒரே சமயத்தில் 12 பிட்டுகளை மட்டும் கையாளும் சிறு கருவி அது. எனினும், அது நிகழ்நேரப் பணிக்கென அமைக்கப்பட்டது. அதாவது, விடை சரியாக இருப்பது மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் கிடைக்கவும் வேண்டும். அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. கணினியின் தகுதி அதன் பெருமையில் இல்லை, அதற்கு இடப்படும் வேலையில் இருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

கணினி விளையாட்டும் இத்தகைய நிகழ்நேரப் பணியே. திரையில் காட்சி தொடர்ந்து அசைவதுபோலத் தோன்றினும், உண்மையில் அது திரைப்படத்தைப் போலத் தனித்தனிப் படங்களின் வரிசையாகும். இப்படங்கள் ஒவ்வொன்றும் பிரேம் எனப்படும். திரைப்படத்தில் அவை முன்னரே எடுக்கப்பட்டுவிட்டவை. விளையாட்டிலோ, ஆடுபவர் பொத்தானை அழுத்திய பிறகே அடுத்த பிரேம் கணக்கிடப்படுகிறது. வினாடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் வினாடியின் ஆயிரத்தில் 16.7 பங்கு, அதாவது 16.7 மில்லிவினாடி மட்டுமே. 30 பிரேம்கள் போதுமெனில் 33.3 மில்லிவினாடி கிடைக்கும். 144 வேண்டுமெனில் 6.9 மில்லிவினாடிதான்.

பிரேமின் அளவும் கணக்கில் சேரும். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. வினாடிக்கு 60 பிரேம்கள் எனில், ஒவ்வொரு வினாடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் இவ்வேலை சரியாக நான்கு மடங்காகிறது.

ஆகவே, 'இந்தக் கணினி விளையாட்டுக்குப் போதுமா?' என்பது முற்றுப்பெறாத கேள்வி. எந்த விளையாட்டு, எந்த அளவுள்ள திரை, வினாடிக்கு எத்தனை பிரேம் என்னும் மூன்றையும் குறித்துக்கொண்ட பின்னரே விடை தேட முடியும்.

நான்கு உறுப்புகளின் பணி

கல்யாணப் பந்தி ஒன்றை மனத்தில் கொண்டால் கணினியின் உறுப்புகள் எளிதில் விளங்கும். பண்டங்கள் குவித்து வைக்கப்பட்டிருக்கும் களஞ்சிய அறையைப் போன்றது, விளையாட்டு பதிவாகியிருக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. உடனே எடுப்பதற்காக அடுப்பருகே பொருள்களைப் பரப்பி வைத்திருக்கும் மேசையைப் போன்றது ராம் எனப்படும் நினைவகம். அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று ஆணையிடும் தலைமைச் சமையற்காரரைப் போன்றது பிராசசர். விளையாட்டின் விதிகள், எதிரிகளின் நடமாட்டம், மோதல் முதலியவற்றை அது கணக்கிடுகிறது. வரிசையாக உள்ள நூற்றுக்கணக்கான இலைகளில் ஒரே சமயத்தில் பரிமாறும் பெருங்கூட்டத்தைப் போன்றது கிராபிக்ஸ் கார்டு. லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஏககாலத்தில் நிறமிடுவது அதன் தொழில்.

பரிமாறுவோர் இருவரே இருக்கும்போது களஞ்சியத்தைப் பெரிதாக்குவதால் பந்தி விரைவாக நடைபெறாது. மேசை சிறிதாக இருப்பின், எத்தனை பேர் பரிமாற நின்றாலும் பண்டம் வரும்வரை காத்திருக்கவே வேண்டும். எந்த உறுப்பு பிற உறுப்புகளைக் காக்க வைக்கிறதோ, அதுவே கணினியின் உண்மையான வேகத்தை நிர்ணயிக்கிறது. பணம் செலவிடுவதற்கு முன்னர் அந்த உறுப்பு எது என்று கண்டறிவதே மதிப்பீட்டின் சாரமாகும்.

பெயரைக் கொண்டு முடிவு செய்யலாகாது

'ஐ7 பிராசசர்', '16 ஜிபி' என்னும் ஒற்றைச் சொல்லைக் கொண்டு கணினியின் வலிமையை அளப்பது தவறு. ஐ7 என்னும் பெயர் 2008 முதல் பல தலைமுறைப் பிராசசர்களுக்கு இடப்பட்டு வந்தது. 2017ஆம் ஆண்டின் ஐ7-7700, 2022ஆம் ஆண்டின் ஐ3-12100 ஆகிய இரண்டிலும் நான்கு கோர்களே உள்ளன. எனினும் பெயரில் தாழ்ந்த பின்னதே வேகத்தில் உயர்ந்தது. ஆகவே, பெயருக்குப் பின்வரும் முழு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே எச்சரிக்கை அவசியம். ஆர்டிஎக்ஸ் 4070 என்னும் பெயர் மேசைக் கணினிக்கும் லேப்டாப்புக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆனால், மேசைக் கணினிக்குரிய கார்டில் 5,888 கணக்கிடும் அலகுகளும் 12 ஜிபி நினைவகமும் அமைய, லேப்டாப்புக்குரியதில் 4,608 அலகுகளும் 8 ஜிபி நினைவகமும் மட்டுமே உள்ளன. லேப்டாப்புகளுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 பொருத்தப்பட்ட லேப்டாப்புகளில் அதற்கு வழங்கப்படும் மின்சக்தி, மாடலுக்கு ஏற்ப 35 வாட் முதல் 115 வாட் வரை மாறுபடும். வாட் குறைந்தால் வேகமும் குறையும். லேப்டாப் வாங்குவோர் இந்த வாட் அளவைக் கேட்டறிந்த பின்னரே விலை பேசுவது நல்லது.

ராமின் மொத்த அளவைப் போலவே, அது எத்தனை துண்டுகளாகப் பொருத்தப்பட்டுள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது. டிடிஆர்4-2666 வகை ராம் ஒரே துண்டாக இருப்பின் வினாடிக்கு ஏறத்தாழ 21 ஜிபி விவரங்களைத் தரவல்லது. இரு துண்டுகளை உரிய இடங்களில் பொருத்தினால் இவ்வழி இரு மடங்காகிறது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் இது மிகவும் முக்கியம். ஏனெனில், பிராசசருடன் இணைந்து வரும் கிராபிக்ஸ் பகுதி தனக்கெனச் சொந்த நினைவகம் இல்லாமல் ராமையே பகிர்ந்துகொள்கிறது.

தேவைப் பட்டியலைப் படிக்கும் முறை

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதை உருவாக்கியவர்கள் தேவைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகின்றனர். அதில் 'குறைந்தபட்சம்', 'பரிந்துரை' என இரு வரிகள் சாதாரணமாகக் காணப்படும். குறைந்தபட்சம் என்பது விளையாட்டு ஓடும் என்பதற்கு மட்டுமே சான்று. நன்றாக ஓடும் என்பதற்கு அன்று.

2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். அவ்வாண்டின் குறைந்தபட்சப் பட்டியலில் 8 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 780 கார்டும் போதுமென்று குறிக்கப்பட்டிருந்தன. 2023இல் அப்பட்டியல் உயர்த்தப்பட்டது. 12 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1060, 70 ஜிபி இடமுள்ள எஸ்எஸ்டி ஆகியவை குறைந்தபட்சத் தேவைகளாயின. அதுவும் 1920 × 1080 திரையில், தாழ்ந்த காட்சித் தரத்தில், வினாடிக்கு 30 பிரேம்களுக்கு மட்டுமே. உயர்ந்த தரத்தில் 60 பிரேம்கள் வேண்டுமெனில் 16 ஜிபி ராமும் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கார்டும் கூறப்பட்டன. ஒரே விளையாட்டின் தேவை மூன்றே ஆண்டுகளில் மாறியதால், பட்டியலின் தேதியையும் பார்க்க வேண்டும் என்பது புலனாகும்.

இதற்கு நேர்மாறானது, அதே 2020இல் வெளிவந்த வேலரண்ட் என்னும் விளையாட்டு. 4 ஜிபி ராமும், பிராசசருடன் இணைந்து வரும் பழைய இன்டெல் ஹெச்டி 4000 கிராபிக்ஸும் 30 பிரேம்களுக்குப் போதுமென அதன் பட்டியல் கூறுகிறது. ஆனால் இங்கு வேறொரு நிபந்தனை உண்டு. விண்டோஸ் 11 உள்ள கணினியில் அது இயங்க, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்னும் இரு பாதுகாப்பு வசதிகளும் செயல்பட வேண்டும். வலிமையான கணினியிலும் இவை அணைக்கப்பட்டிருப்பின் விளையாட்டு தொடங்காது. இதை உறுப்பின் குறை என எண்ணிப் புதிய கார்டு வாங்குவது வீண் செலவாகும்.

அரைமணி நேரச் சோதனை

பட்டியலோடு ஒப்பிடுவது முதற்படி. சோதனையே முடிவான சான்று. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் பிராசசர், ராம், டிஸ்க், கிராபிக்ஸ் ஆகியவற்றின் பெயர்களும், அவை ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்னும் விவரமும் காணப்படும். விரும்பும் விளையாட்டையே அரைமணி நேரம் ஓடவிட்டு, ஐந்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் இவ்விவரங்களையும், வினாடிக்கான பிரேம் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் வசதி பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்திலேயே உண்டு.

குறிப்புகளை வாசிக்கும் முறை பின்வருமாறு:

1. பிரேம் எண்ணிக்கை குறைவாக இருந்து, கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேல் உழைக்குமாயின், தடை கிராபிக்ஸில் இருக்கிறது. திரையின் அளவை 1280 × 720 ஆகக் குறைத்தால் எண்ணிக்கை தெளிவாக உயரும்.

2. திரையின் அளவைக் குறைத்தும் எண்ணிக்கை உயராவிடில், தடை பெரும்பாலும் பிராசசரிலேயே உள்ளது. பிராசசரின் மொத்த உழைப்பு 40 சதவீதமே எனக் காட்டினாலும் ஏமாறலாகாது; கோர்களுள் ஒன்று முழுமையாக உழைத்துக்கொண்டிருக்க, மற்றவை ஓய்ந்திருக்கக் கூடும்.

3. ராம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தைத் தொடும்போது ஆட்டம் திடீர் திடீரென நின்று நகருமாயின், குறை ராமிலோ டிஸ்கிலோ உள்ளது. ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 200 எம்பி வரையே படிக்கவல்லது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 எம்பி படிக்கும்.

4. ஐந்தாவது நிமிடத்தில் நன்றாக ஓடிய விளையாட்டு முப்பதாவது நிமிடத்தில் தளருமாயின், காரணம் பெரும்பாலும் வெப்பமே.

சராசரியை மட்டும் நம்பலாகாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். ஒரு வினாடியில் 50 பிரேம்கள் வந்தன எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று 150 மில்லிவினாடி எடுத்துக்கொண்டு, மற்ற 49 பிரேம்கள் தலைக்கு 17 மில்லிவினாடியில் வந்திருக்கலாம். சராசரி நன்றாகவே தோன்றும். ஆடுபவருக்கோ கண்முன் ஒரு குலுக்கல் தெரியும்.

இணையத்தின் வழி பலர் கூடி ஆடும் விளையாட்டில் இன்னொரு வேறுபாட்டையும் அறிய வேண்டும். ஹைதராபாத்திலிருந்து மும்பையில் உள்ள சர்வர் ஏறத்தாழ 620 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி சென்று திரும்புவதற்கே 6 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். வழியில் உள்ள கருவிகளால் இது மேலும் கூடும். பிரேம் எண்ணிக்கை குறையாமலிருந்து, எதிரிகளின் அசைவு மட்டும் தாவித் தாவித் தோன்றுமாயின், குறை இணைய இணைப்பில் உள்ளது. எந்தக் கார்டும் அதைத் தீர்க்காது.

வெயிலும் மின்சாரமும்

ஹைதராபாத்தில் கோடையின் உச்சத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஒரே வேலையைச் செய்யும்போது, அறையின் வெப்பம் எத்தனை டிகிரி உயருகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உறுப்புகளின் வெப்பமும் உயரும். ஜனவரியில் 25 டிகிரி அறையில் 80 டிகிரியில் நின்ற பிராசசர், மே மாதத்தில் 38 டிகிரி அறையில் 93 டிகிரியை எட்டும். பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரிக்குள் தம்மைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆதலால் குளிர்காலத்தில் தேறிய கணினி கோடையில் தவறக் கூடும். மூடிய அலமாரிக்குள் பெட்டியை வைத்தலும், லேப்டாப்பை மெத்தை மீது வைத்தலும் இதே விளைவைத் தரும். விசிறியிலும் வலையிலும் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுச் சோதனையை மறுபடி நடத்துவது, செலவில்லாத முதல் வைத்தியமாகும்.

கணினிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ் என்னும் பெட்டியை வாங்குவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மதர்போர்டின் கார்டு பொருத்தும் இடம் 75 வாட் வரையே தரும். அதற்கு மேல் வேண்டும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின்கம்பி செல்ல வேண்டும். அலுவலக உபயோகத்துக்கென வந்த கணினிகள் பலவற்றில் அக்கம்பி இருப்பதில்லை. யூபிஎஸ்ஸிலும் கவனம் தேவை. 600 விஏ எனப் பொறிக்கப்பட்டது சாதாரணமாக 360 வாட் வரையே தாங்கும். விளையாடும்போது 250 வாட் இழுக்கும் கணினிக்கு அது ஏற்கும். கார்டு ஒன்றே 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்றவற்றுக்கு ஏற்காது. 250 வாட் கணினியில் நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதையும் குடும்பம் அறிந்திருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு

ஹைதராபாத்தில் ஒரு குடும்பத்தில், தந்தையின் அலுவலக வேலைக்கென வாங்கிய மேசைக் கணினி இருப்பதாகக் கொள்வோம். ஆறு கோர்களுள்ள ஐ5-8400 பிராசசர், ஒரே துண்டான 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன; தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லை. கல்லூரியில் சேர்ந்துள்ள மகன் வேலரண்ட், சைபர்பங்க் 2077 ஆகிய இரண்டையும் ஆட விரும்புகிறான். புதுக் கணினியே வேண்டும் என்பது அவன் கோரிக்கை. எதுவும் வேண்டாம் என்பது தந்தையின் எண்ணம்.

வேலரண்டைப் பொறுத்தவரை இக்கணினி குறைந்தபட்சத் தேவையை ஏற்கனவே கடந்துவிட்டது. விண்டோஸ் 11 இருப்பின், பயாஸ் அமைப்பில் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்கிவிட்டு, மேலும் ஒரு 8 ஜிபி துண்டைச் சேர்த்தாலே ஆட்டம் முன்னிலும் சீராக நடைபெறும். சைபர்பங்க் நிலை வேறு. பிராசசர் குறைந்தபட்ச வரிசையில் நிற்கத்தக்கதே. ஆனால் ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் ஆகிய மூன்றும் குறைவு. ராமைச் சேர்த்து, ஓர் எஸ்எஸ்டியையும் வாங்கி, பெட்டியில் இடமும் எஸ்எம்பிஎஸ்ஸில் வலிமையும் உண்டா எனப் பார்த்து, தனி மின்கம்பி வேண்டாத கார்டு ஒன்றைப் பொருத்தலாம். 70 வாட் மட்டும் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை இத்தன்மையது. இவ்வாறு செய்தால் தாழ்ந்த தரத்தில் அவ்விளையாட்டு ஓடும்; பரிந்துரைத் தரம் கிட்டாது. அது போதுமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கலாம். எவ்வாறாயினும், மகனும் தந்தையும் எண்ணிய இரு முடிவுகளுக்கும் இடையே குறைந்த செலவுள்ள மூன்றாவது வழி ஒன்று இருப்பது கணக்கினால் வெளிப்படுகிறது.

முடிவாகக் கவனிக்க வேண்டுபவை

யோசனை கேட்டு வருவோரிடம், விளையாட்டின் பெயர், திரையின் அளவு, வேண்டிய பிரேம் எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்ல வேண்டும். அடுத்து, உறுப்புகளின் முழுப் பெயர்களை எழுதித் தேவைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, கணினி நிலையாக இருக்கும் அறையிலேயே அரைமணி நேரச் சோதனை நடத்தி, காக்க வைக்கும் உறுப்பைக் கண்டறிய வேண்டும். காட்சித் தரத்தைக் குறைத்தல், தூசி துடைத்தல், ராம் சேர்த்தல் போன்ற எளிய வழிகள் தீர்ந்த பின்னரே பெரிய செலவைப் பற்றி எண்ணலாம். திரை 60 ஹெர்ட்ஸ் உடையதாயின், அது வினாடிக்கு 60 படங்களையே காட்டும் என்பதையும் நினைவூட்ட வேண்டும். 144 பிரேம்களுக்காகச் செலவிடும் பணம் அத்திரையில் பெரும்பாலும் புலப்படாது.

இம்முறையை மாணவர்களைக் கொண்டே பள்ளிக் கணினி அறையில் ஒருமுறை செய்துகாட்டுவது பயனுள்ளது. அளந்து பார்த்து முடிவு செய்யும் வழக்கம் அவர்களுக்குப் படிவதோடு, வீட்டுப் பணம் எங்கே செல்லுகிறது என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்லவும் இயலும்.